‘பெயர் பதிக’ என்றொரு பொத்தான்

1

போன புதன்கிழமை எங்கள் அலுவலகத்தில் எல்லாரையும் ஓர் அறைக்குள் உட்காரவைத்துப் புதிய கணினித் திரை ஒன்றைக் காட்டினார்கள். நான் இருப்பது டொரன்டோவில். பழைய காகிதக் கோப்புகளைக் கணினிக்குள் ஏற்றும் வேலை. பதினொரு பேர் செய்கிறோம், ஒருவர்கூட இந்த ஊரில் பிறந்தவர் இல்லை. திரையைக் காட்ட வந்த இளைஞனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். எடுத்த எடுப்பிலேயே அவன் சொன்னது இது: “முட்டாளுக்கும் விளங்குகிற மாதிரி செய்திருக்கிறோம், பயப்படாதீர்கள்.”

எல்லாரும் சிரித்தார்கள். என் பக்கத்து மேசைக்காரி மரிசெல், பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண், அவளும் சிரித்தாள். எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. கையைத் தூக்கினேன்.

“இதைச் செய்யும்போது எங்களில் யாரிடம் கேட்டீர்கள்?”

“பயன்படுத்துகிற எல்லாரிடமும் காட்டித்தான் செய்தோம். எல்லாருக்கும் பிடித்திருந்தது.”

“பயன்படுத்துகிற எல்லாரும் இந்த அறைக்குள் இருக்கிறோம். யாரிடம் காட்டினீர்கள்?”

மேலாளர் இருமினார். குறை இருந்தால் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, அதை நிரப்பி அனுப்பலாம் என்றார். அந்தப் படிவமும் அதே திரைக்குள்தான் இருந்தது. அதைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அடுப்படியில் பாத்திரங்களைப் போட்டு உடைக்காத குறை. எட்டு வயது மகள் ஆரணி எட்டிப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அம்மா, பட்டன்தானே?” என்றாள்.

பட்டன்தான். அந்தப் பட்டனைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த ஆவணியோடு நான் இங்கே வந்து ஒன்பது வருடம். ஊரில் இருக்கிறவர்களுக்கு வெளிநாட்டுப் பனியைப் பற்றி எழுதலாம், இரயிலைப் பற்றி எழுதலாம். எனக்கோ இலங்கை மலையகத்தில் லுணுகலை என்ற ஊருக்கு நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றி எழுதாமல் வேறு எதையும் எழுத வரவில்லை.

2

தொண்ணூறுகளின் கடைசியில் பதுளை நகரத்தில் ஒரு சின்ன அலுவலகத்தில் வேலை செய்தேன். பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாத தோட்டத்து மக்களுக்கு உத்தேச வயதுப் பத்திரமும் அடையாள அட்டையும் எடுத்துக்கொடுக்க உதவுவது அதன் வேலை. நான் ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகள் ஒன்றில், பிறந்தவள். அப்பா தேயிலை ஆலையில் இருந்தார். பதுளையில் உயர்தரம் படித்து, ஆறு மாதம் கம்பியூட்டர் வகுப்புக்குப் போய், அந்த வேலையில் சேர்ந்தேன். அலுவலகத்தில் என்னைத் தவிரத் தோட்டத்துக்காரர் யாரும் இல்லை.

கொழும்பிலிருந்து யாரோ ஒரு தரவுத்தளத்தைச் செய்து அனுப்பியிருந்தார்கள். திறந்தால் சாம்பல் நிறத்தில் ஓர் அட்டவணை. முப்பத்திரண்டு கட்டங்கள், எல்லாம் ஆங்கிலம். வீட்டு இலக்கமும் வீதிப் பெயரும் போடாவிட்டால் அடுத்த கட்டத்துக்கு விடாது. எங்கள் சனங்களின் முகவரி என்ன? மேல் டிவிசன், ஆறாம் நம்பர் லயம், நாலாவது காம்பரா, அதாவது நாலாவது அறை. இதில் வீதி எங்கே இருக்கிறது? எனக்கு முன்னால் இருந்த பிள்ளை வேறு வழி தெரியாமல் வீதி என்ற இடத்தில் ‘இல்லை’ என்று அடித்து வைத்திருந்தாள். அச்சிட்டு வந்த கடிதங்களில் ‘இலக்கம் 0, இல்லை வீதி, லுணுகலை’ என்று இருந்தது. தபால்காரர்கள் சிரித்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடிதத்துக்காகக் காத்திருந்தவர்கள் சிரிக்கவில்லை.

இன்னொரு கூத்து. பிறந்த திகதி தெரியாதவர்களுக்கெல்லாம் சனவரி முதலாம் திகதி என்று போடுவது அலுவலக வழக்கம். லெட்சுமி என்ற பெயரில் ஒரு தோட்டத்துக்கு இருபது பேராவது இருப்பார்கள். இரண்டாவது லெட்சுமியை ஏற்றப் போனால் ஒரு பெட்டி குதித்து வந்து, இவர் ஏற்கெனவே இருக்கிறார், இரண்டாம் முறை ஏற்ற முடியாது என்று நாலு வரி ஆங்கிலத்தில் திட்டும். எதிரே கூந்தலை ஒதுக்கிக்கொண்டு அந்த லெட்சுமி உயிரோடு உட்கார்ந்திருப்பார்.

நான் ஒரு கம்பியூட்டர் புத்தகத்தை இரவல் வாங்கி, அதைப் பார்த்துப் பார்த்து அந்த அட்டவணையை மறைத்தேன். மேலே ஒரே ஒரு திரை. ஒன்பது கட்டங்கள், தமிழில். வீதியைத் தூக்கி எறிந்துவிட்டு டிவிசன், லயம், காம்பரா என்று மூன்று கட்டம் வைத்தேன். பிறந்த திகதி தெரியாவிட்டால் வயதை மட்டும் போடலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கத்தை இயந்திரமே போட்டுக்கொள்ளும், எத்தனை லெட்சுமி வந்தாலும் தகராறு இல்லை. கடைசியில், எழுதியதைச் சேமிக்கப் பெரிதாகப் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான். அதன் மேல் எழுத இடம் கொஞ்சம்தான் இருந்தது. ‘பெயர் பதிக’ என்று எழுதினேன்.

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. வாசிக்கத் தெரிந்த எவரும் இதில் வேலை செய்யலாம் என்று எங்கள் பொறுப்பாளரிடம் சொன்னேன். முட்டாளுக்கும் விளங்கும் என்று சொல்லவில்லை. ஆனால் நானும் யாரிடமும் காட்டவில்லை.

3

பொறுப்பாளர் சிவபாதம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரி என்னும் அரசாங்கச் செயலகத்தில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் எல்லாருக்கும் வடை வாங்கித் தருவார். ஆனால் தோட்டத்து ஆட்களைப் பற்றிப் பேசும்போது நான் அங்கே இருப்பதை மறந்துவிடுவார். நினைவு வந்தால், “உம்மைச் சொல்லேல்லை பிள்ளை, நீர் படிச்சனீர்” என்பார். அதற்கு நான் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தாரோ தெரியாது. நான் வடையைத் தின்றுகொண்டு சும்மா இருந்தேன். அப்படிச் சும்மா இருந்ததற்குத்தான் இப்போது அலுவலகக் கூட்டங்களில் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன் போலும்.

இங்கே தமிழ்க் கடைக்குப் போனால் இன்றும் இரண்டு வார்த்தை பேசியதும், “தங்கச்சி இந்தியாவோ?” என்று கேட்கிறார்கள். பதுளை என்றால், “ஓ, தேயிலைப் பக்கம்” என்று முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வார்கள். ஆரணி, யாழ்ப்பாணத்து டீச்சர் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலிருந்து வந்து, “அம்மா, நீங்க சொல்லுறது எனக்கு விளங்கேல்ல” என்கிறாள். நான் “புரியல” என்று சொல்லிக்கொடுத்தால் அது பிழையாம், டீச்சர் திருத்துவாவாம். என் வயிற்றில் பிறந்த பிள்ளைக்கு என் பேச்சு பிழையாகிவிட்டது. ஆங்கிலத்துக்குப் பிள்ளையைப் பறிகொடுக்கும் தாய்மாரைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், என் கதைக்கு எங்கே போய் முறையிடுவது?

4

இரண்டு இடங்களில் எங்கள் கணினியை வைத்தோம். ஒன்று பெரகலைச் சந்தியில், ஒரு கடையின் பின்னறையில். மற்றது லுணுகலையில், ஒரு துணிக்கடை மாடியில். ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களிலிருந்து சாமான் வாங்க வருகிறவர்கள் அப்படியே வந்து விவரம் கொடுத்துவிட்டுப் போகலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை விவரங்களை ஃப்ளொப்பித் தட்டில் ஏற்றி பஸ்ஸில் கொடுத்துவிட வேண்டும். நாங்கள் பதுளையில் அதைச் சேர்த்து, பட்டியல் அச்சிட்டு, கொழும்புக்கு அனுப்புவோம். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அட்டை இல்லை.

லுணுகலையில் இருந்தவர் சரோஜா அக்கா. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது தாய்மார் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்தில், பல வருடம் வேலை செய்தவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். நான் ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன், அரை நாளில் பிடித்துக்கொண்டார்.

பெரகலையிலிருந்து வரும் ஃப்ளொப்பியில் பெயர்கள் இருந்தன. லுணுகலையிலிருந்து வந்த முதல் ஃப்ளொப்பி வெறுமையாக இருந்தது. இரண்டாவதும் வெறுமை. நான் ஃப்ளொப்பி பழுது என்று நினைத்துப் புதிது அனுப்பினேன். நாலாவதும் வெறுமையாக வந்தபோது சிவபாதம் ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“உவையளுக்குக் கம்பியூட்டர் சரிவராது எண்டு நான் முதலே சொன்னனான். பெரகலைப் பிள்ளை செய்யுது, உந்த மனுசிக்கு ஏலாதோ? மாதம் முடிய லுணுகலையைப் பூட்டுவம்.”

“நான் ஒருக்காப் போய்ப் பாத்துட்டு வர்றேங்க ஐயா” என்றேன்.

அந்த ஞாயிறு பசறை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். எனக்கும் உள்ளூர ஒரு சந்தேகம் வந்திருந்தது. ஒருவேளை சரோஜா அக்காவுக்கு உண்மையிலேயே வரவில்லையோ என்று. அந்தச் சந்தேகத்தை நினைத்து இன்று கூசுகிறேன்.

மாடிப்படியில் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். உள்ளே கணினித் திரை சனங்களின் பக்கம் திரும்பியிருந்தது. சரோஜா அக்கா பக்கவாட்டில் உட்கார்ந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார்.

“வாங்க மிஸ், ஒக்காருங்க.”

“ஏன்க்கா டிவியத் திருப்பி வச்சிருக்கீங்க?” தோட்டத்தில் அப்போது கணினித் திரையையும் டிவி என்றே சொல்வோம்.

“அவுங்க பேரு சரியா விழுதான்னு அவுங்களே பாக்கட்டுமே மிஸ். நாஞ் சொல்லி அவுங்க தலையாட்டுறதவிட அது நல்லதில்ல?”

எனக்குத் தோன்றாத யோசனை. பெரகலையில் திரை சுவரைப் பார்த்துத்தான் இருந்தது, எதிரே நிற்பவருக்கு எதுவும் தெரியாது.

“அப்ப ஏன்க்கா ஒண்ணும் ஏறல?”

சரோஜா அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“மொத ஞாயித்துக்கெழம ராமாயி வந்தா மிஸ். மகள் சத்தியகலா, பதினாறு முடிஞ்ச புள்ள. டிசம்பர்ல பெரிய சோதன எழுதுது. பொறந்த பத்திரம் இல்ல, ஐடென்டி இல்ல. இல்லாட்டி சோதனைக்கு விட மாட்டாங்கன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிட்டாங்களாம். எல்லாங் கேட்டு அடிச்சேன். கடைசியா அந்தப் பச்சப் பொத்தானுக்குப் போறேன், புள்ள சத்தமா வாசிக்குது, ‘பெயர் பதிக’ன்னு. ராமாயி பாஞ்சு வந்து எங் கையப் புடிச்சிட்டா.”

“என்ன சொன்னாங்க?”

“‘எம்புள்ள பேரப் பதியவா நாலு மைலு நடந்து கூட்டியாந்தேன்? பேர் பதியக்கூடாதுன்னுதானே ஐடென்டி கேட்டு வந்தேன்!’ அப்புடின்னு ஒரே அழுக. பின்னால நின்னவுங்கள்ல பாதிப் பேரு புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எறங்கிப் போயிட்டாங்க.”

வாசிப்பவர்களில் தோட்டத்துக்காரர் அல்லாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பேர் பதிவது என்றால் ஒரே ஓர் அர்த்தம்தான். தோட்டத்தை நடத்தும் துரையின் ஆபீஸில், செக்ரோல் என்னும் ஆள்பேரேட்டில், கூலியாகப் பெயர் ஏறுவது. பதிந்தால் லயத்தில் காம்பரா நிலைக்கும், அதற்காகவே பதிந்தவர்கள் நிறைய. ஆனால் பதிந்த பிள்ளைக்குப் பிறகு பள்ளிக்கூடம் இல்லை. விடிந்ததும் ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும், பெயரைக் கூப்பிட்டால் மலைக்குப் போக வேண்டும்.

“நீங்க சொல்லியிருக்கலாமே அக்கா, இது அந்தப் பதிவு இல்லன்னு.”

“சொன்னேன். அப்ப ஏன் அப்புடி எழுதியிருக்குன்னு கேட்டா. பதிய மாட்டேன்னு மாரியாத்தா மேல சத்தியம் பண்ணித்தான் அவள ஒக்கார வச்சேன். சத்தியம் பண்ணிட்டு, அவ போனதுக்கப்புறம் அமுத்துறது ஞாயமா மிஸ்? எல்லாத்தையும் கொப்பியில எழுதி வச்சிருக்கேன். பொத்தான மாத்தித் தாங்கன்னு ஒவ்வொரு தடவையும் துண்டு எழுதி அனுப்புனேனே, ஒங்களுக்குக் கெடைக்கலியா?”

எனக்கு எந்தத் துண்டும் கிடைக்கவில்லை.

5

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனதும் லுணுகலைக் கோப்பை எடுத்தேன். நாலு துண்டுகளும் இருந்தன. ஒவ்வொன்றிலும் கிடைத்த திகதி முத்திரை, இலக்கம், சிவபாதம் ஐயாவின் கையெழுத்து. ஒழுங்காகத் துளையிட்டுக் கோக்கப்பட்டிருந்தன. முதல் துண்டில் சரோஜா அக்காவின் உருண்டை எழுத்தில், ‘பச்சைப் பொத்தானில் உள்ள சொல்லை மாற்றித் தரவும். சனங்கள் பயப்படுகிறார்கள்’ என்று இருந்தது. இதைவிடத் தெளிவாக எந்த நிபுணர் எழுதுவார்? ஒரு கண்ணுக்கு மட்டும் பட்டு, இரண்டு மாதம் கோப்புக்குள் கிடந்தது.

“இத ஏங்க ஐயா எனக்குக் காட்டல?”

“அது முறையான விண்ணப்பம் இல்லைப் பிள்ளை. பதிதல் எண்டது நல்ல தமிழ். பத்திரப் பதிவு, திருமணப் பதிவு எண்டு எல்லாம் சொல்லுறம்தானே? அதுகளுக்கு விளங்கேல்லை எண்டதுக்காகத் தமிழை மாத்தேலுமோ?”

“அவுங்களுக்கு நல்லா விளங்கிச்சுங்க. நமக்குத்தான் விளங்கல.”

அவரிடம் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குரலை உயர்த்தினேன். அவர் அதிர்ந்துபோய்க் கண்ணாடியைத் தேடினார். என் ஆத்திரத்தில் பாதிதான் அவர் மேல். மீதி யார் மேல் என்று அவருக்குத் தெரியாது.

அந்தச் சொல்லை எழுதியவள் நான். என் அண்ணனுக்குப் பதினாறு வயதில் பேர் பதிந்தார்கள். “பெரியவனுக்குப் பேர் பதிஞ்சாச்சு” என்று அப்பா வந்து சொன்னார். அம்மா அண்ணனின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயவைத்து, மடித்து, பக்கத்துக் காம்பராப் பையனுக்குக் கொடுத்துவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றவள்தான் நான். பதுளையில் ஐந்து வருடம் மேசையில் உட்கார்ந்ததும், பதிவு என்றால் எனக்கும் ஒரு படிவம் என்றே ஆகிவிட்டது. கொழும்புக்காரன் வீதியைக் கேட்டான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேனே, அவனாவது லயத்தைக் கண்டதில்லை. எனக்கு என்ன சாக்கு?

பொத்தானில் என்ன எழுதலாம் என்று சரோஜா அக்காவிடமே கேட்டேன். யோசிக்கவே இல்லை. “‘எழுதி வை’ன்னு போடுங்க மிஸ். அதுதானே நான் செய்யுறது?”

மாற்றுவதற்குப் பதினைந்து நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த ஞாயிறு நானே லுணுகலைக்குப் போய்க் கணினியில் ஏற்றினேன். சரோஜா அக்கா வீடு வீடாக ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, எல்லாருக்கும் பொத்தானை வாசித்துக் காட்டி, கொப்பியில் இருந்ததையெல்லாம் அவர்கள் கண்முன்னாலேயே ஏற்றினார். ராமாயி முன்னால் வந்து நின்று பார்த்தார். “இப்ப சரி” என்றார். சத்தியகலா தன் பெயரின் எழுத்துகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நானே அமுத்தவா மிஸ்?” என்று கேட்டாள். அவள்தான் அமுத்தினாள்.

அதற்குப் பிறகு லுணுகலை ஃப்ளொப்பி ஒருபோதும் வெறுமையாக வரவில்லை. பெரகலையைவிட அதிகப் பெயர்கள் வந்தன. சிவபாதம் ஐயா தன் மேலதிகாரிகளுக்கு எழுதிய அறிக்கையில், மக்களுக்குக் கணினி பழகிவிட்டது என்று எழுதினார்.

6

இரண்டு மாதம் பிந்திப் போன பட்டியல் கொழும்பில் வரிசையின் கடைசியில் போய் நின்றது. நான் தொலைபேசியில் கெஞ்சினேன், சண்டை பிடித்தேன், யார் யாரையோ சார் என்றும், சிங்களத்தில் மாத்தயா என்றும் கூப்பிட்டேன். வரிசைப்படிதான் வரும் என்றார்கள். டிசம்பர் வந்தது. சோதனை முடிந்தது. சத்தியகலா போகவில்லை. அட்டை இல்லாதவர்கள் ஒரு கடிதத்தோடு போனால் மண்டபத்துக்குள் விடுவார்கள் என்று பின்னால் விசாரித்தபோது ஒருவர் சொன்னார். அந்தக் கடிதத்தைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கே தெரிந்திருக்கவில்லை. ஆவண உதவி என்று வாசலில் பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான் இங்கே இதைச் சொன்னால் மரிசெல், “நீ திருத்தினாய்தானே, அப்புறம் என்ன?” என்கிறாள். திருத்தியது உண்மை. பொத்தானைத் திருத்தலாம். இரண்டு மாதத்தைத் திருத்த எந்தத் திரையில் இடம் இருக்கிறது? ஒரு சொல்லைப் பிழையாக வைத்தவர்கள் மறுநாள் அதை மாற்றிவிட்டுச் சம்பளத்தோடு வீட்டுக்குப் போகலாம். நானும் போனேன். ஒரு வருடத்துக்குள் கல்யாணம் முடித்துக் கனடாவுக்கும் வந்துவிட்டேன்.

அட்டை தை மாதக் கடைசியில் வந்தது. தபாலில் அனுப்ப மனம் வரவில்லை, கையில் எடுத்துக்கொண்டு போனேன். லுணுகலையில் இறங்கி ராமாயியின் தோட்டத்துக்கு நடந்தே ஏறினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். அடுத்த வருடமும் சோதனை இருக்கிறது, இப்போது அட்டை கையில் இருக்கிறது, படிக்கச் சொல்லுங்கள், கட்டாயம் விடுவார்கள் என்றெல்லாம்.

ராமாயி காம்பராவுக்கு முன்னால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அட்டையை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, மகளின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“சத்தியகலா எங்கம்மா?”

“மலைக்குப் போயிருக்கு மிஸ். கொழுந்துக்கு. இன்னும் பேர் பதியல, சும்மாதான் போகுது. பதியணும்னா ஐடென்டி கொண்டாங்கன்னு ஆபீஸ்ல கேட்டுக்கிட்டே இருந்தாங்க.” அட்டையை முந்தானையில் வைத்து முடிந்துகொண்டார். “நல்ல நேரத்துல கொண்டாந்தீங்க. நாளைக்கே கொண்டுபோய்க் குடுத்துர்றேன். பெரிய ஒதவி மிஸ்.”